காலுக்குச் சொல்லும் மொழி

செப்டெம்பர் 4

"கதையில வாற வேற்றுக்கிரகவாசிக்கு ஒரு மொழி வேணுமெண்டால் தமிழ்ச் சொல்லைத் திருப்பிப்போட்டு நடுவில ரெண்டு 'க்ஷ்' வைச்சால் முடிஞ்சுது. அதுக்குப் போய் இலக்கணம், அகராதி எண்டு ஏன் மினக்கெடுறியள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

போன வருடம் நான் செய்தது அதைத்தான். வட இலங்கையில், துணுக்காய்ப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன், வேறு ஆள் இல்லாத குறைக்கு நாடகமும் என் தலையில். வானத்திலிருந்து இறங்கியவர் மேடைக்கு வந்து "றுசோ! றுசோ!" என்று முழங்கினார். முன்வரிசையில் இருந்த ஆறாம் வகுப்புப் பெடியன் எழும்பி, "சேர், அவருக்குப் பசிக்குதாம்" என்றான். அதோடு நாடகம் சரி. சொல்லைத் திருப்பினாலும் மேடையில் நின்றவர் சோறு கேட்கிற ஒரு தமிழர்தானே.

இந்த முறை மேடைக்கு வருகிற சீவனுக்கு உண்மையாகவே ஒரு மொழி செய்யப் பார்க்கிறேன். எழுத எழுத இங்கே போடுகிறேன், பிழை கண்டால் சொல்லுங்கள்.

செப்டெம்பர் 5

தமிழில் 'ற' சொல்லுக்கு முதலில் வராது, ஆகவே 'றுசோ' அந்த ஒரு விஷயத்திலாவது அந்நியம்தான் என்று ஒருவர் எனக்காக வாதாடியிருக்கிறார். நன்றி. ஆனால் நாங்கள் றோட்டு, றேடியோ என்று எழுதி வளர்ந்த ஆட்கள்.

செப்டெம்பர் 9

கிளிங்கனைப் பார்த்துப் படி என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். பார்த்தேன். ஸ்டார் ரெக் படங்களில் வருகிற, சண்டைக்கு நிற்கிற ஒரு இனத்தின் மொழி. 1979 இல் வந்த முதல் படத்துக்கு ஜேம்ஸ் டூஹான் என்ற நடிகர் நாலைந்து சொல்லை உருவாக்கிக் கொடுத்திருக்கிறார். 1984 இல் வந்த மூன்றாம் படத்துக்கு மார்க் ஒக்ராண்ட் என்ற மொழியியலாளர் அதற்கு இலக்கணம் கட்டினார், அடுத்த வருடம் அகராதியும் போட்டார். அவர் அதற்கு முன்னர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது முட்சுன், கலிபோர்னியாவில் கதைக்க ஆளில்லாமல் போன ஒரு மொழி. இதை வாசித்ததும் கொஞ்ச நேரம் மற்றதெல்லாம் ஓடவில்லை. ஆளில்லாமல் போன மொழியின் தாள்களோடு வருடக்கணக்கில் இருந்தவர், பிறகு ஆளே இல்லாத இனத்துக்கு மொழி செய்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரே மொழியில் சேர்ந்து வருவது அரிதான ஒலிகளாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறார். அதில் ஒன்று நாக்கை மடித்துச் சொல்லும் ட. பாடு, வீடு என்பதில் வருகிறதே, அதுதான். அமெரிக்கருக்கு அது வேற்றுக்கிரகம், எங்களுக்கு அது வீடு. வாக்கியத்தைச் செயப்படுபொருள், வினை, எழுவாய் என்று தலைகீழாக அடுக்கியிருக்கிறார். உலகத்தில் மிகச் சில மொழிகளுக்கே அந்த வரிசை இயல்பு, பிரேசிலில் ஹிஷ்கர்யானா என்று ஒன்று உண்டு. இதை வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் மாடு எங்கே என்று கேட்டேன். "மாட்டைக் கொண்டுபோட்டார் கொப்பர்" என்றா. கிளிங்கன்!

வணக்கம் சொல்லவும் அதில் சொல் இல்லையாம். ஒருவரைக் கண்டால் "என்ன வேணும்?" என்றுதான் கேட்பார்களாம். எங்கள் சந்திக் கடைக்காரர் நான் பிறக்க முதலே அந்த மொழியைச் சரளமாகக் கதைக்கிறார்.

செப்டெம்பர் 10

நேற்று எழுதியதில் ஒரு பிசகு. அம்மாவின் வாக்கியத்தில் 'மாட்டை' என்று ஐ உருபு இருக்கிறது, அதனால் எந்த இடத்தில் வைத்தாலும் கொண்டுபோனது யார், போனது எது என்பதில் குழப்பம் வராது. கிளிங்கனில் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் அப்படி உருபு இல்லை, வரிசையும் வினையின் முன்னொட்டும்தான் காட்டிக்கொடுக்கும். வரிசை மாறினால் மாடு அப்பாவைக் கொண்டுபோய்விடும். எங்கள் மாட்டைத் தெரிந்தவர்களுக்கு அதுவும் நடக்கக்கூடியதுதான்.

செப்டெம்பர் 17

இந்தக் கிழமை எங்கள் ஊர்ச் சின்னக்குளம் வற்றிவிட்டது. நடுவில் நாலு பாய் விரிக்கிற அளவுக்குக் கலங்கல் தண்ணீர், சுற்றிவர சுரி, கால் புதைகிற சேறு. பின்னேரம் பெடியள் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற கரப்புக் கூடையும் உரப்பையுமாக இறங்கினார்கள், நான் அலைகரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வயதானவர், சாரத்தை மடித்துக் கட்டி முழங்கால் வரை சுரிக்குள். மற்றவர்கள் கையால் துழாவ, இவர் காலாலேயே தேடினார். உள்ளங்காலை அழுத்தி வைப்பார், மூச்சுக்கூட விடாதவர் மாதிரி நிற்பார், பிறகு நாடியை நீட்டி "உதிலை கிடக்கு" என்பார். அவர் காட்டின இடத்தில் கரப்பைக் குத்தினால் விரால். மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும் சரி.

"எப்பிடி அப்பு தெரியும்?" என்றேன்.

"அசைஞ்சா காலுக்குச் சொல்லும்."

காலுக்குச் சொல்லும்! வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு இனமே தலைக்குள் வந்துவிட்டது. பெயர் சுரியர். சுரிக்குள் சீவிப்பவர்கள், கண் கிடையாது, ஆறு கால், வாய் தின்பதற்கு மட்டும். கதைப்பதெல்லாம் காலால், கேட்பதும் காலால். விராலுக்கு மேலே வந்து காற்றை விழுங்குகிற பழக்கம் உண்டல்லவா, இவர்களுக்கும் அதைக் கொடுத்துவிட்டேன். மூச்செடுக்க மேலே போன நேரம் ஒருவருக்கு எதுவும் காது கேட்காது, அதாவது கால் கேட்காது. அந்த இடைவெளியில் சொன்னதற்கு யாரும் பொறுப்பில்லை.

செப்டெம்பர் 21

ஒலிகள். நாலு போதும் என்று வைத்திருக்கிறேன்: தட்டு, இழு, அழுத்து, நில். மூன்று அடிக்குக் குறைந்த சொல் இல்லை, ஐந்துக்கு மேல் இல்லை. மூன்றடிச் சொல் 64, நாலடி 256, ஐந்தடி 1024. மொத்தம் 1344 சொல். கையில் ஒலி நாலே நாலு, பொருளோ ஆயிரத்துக்கு மேல். தனித்தனியாகப் பொருள் இல்லாத துண்டுகளைச் சேர்த்துப் பொருள் செய்கிற இந்தக் கெட்டித்தனத்தை மனித மொழியின் முக்கியமான குணங்களில் ஒன்றாகச் சாள்ஸ் ஹொக்கெற் என்ற மொழியியலாளர் 1960 இல் பட்டியலிட்டார். சுரியருக்கு அதை இனாமாகக் கொடுத்துவிட்டேன்.

செப்டெம்பர் 22

மேலே உள்ள கணக்குப் பிழை. கணிதம் படிப்பிக்கிறவன் போட்ட கணக்கு, பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இடைவேளையில் வந்து உடைத்துவிட்டுப் போனது.

"சேர், நில் எண்டா ஒண்டும் செய்யாமல் இருக்கிறது தானே? அது சொல்லுக்கு முதலில வந்தா, துவங்கினதெண்டு மற்றவருக்கு எப்பிடித் தெரியும்?"

தெரியாது. முடிவில் வந்தாலும் தெரியாது. ஆகவே முதலும் கடைசியும் மற்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும்: 36, 144, 576, மொத்தம் 756. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் பிள்ளை இன்னும் நிற்கிறது. "அப்ப ஒரு சொல் முடிஞ்சு மற்றச் சொல் துவங்கிறது?" இரண்டு 'நில்' சேர்ந்து வந்தால் சொல் முடிந்தது என்று வைத்தேன். அப்படியென்றால் சொல்லுக்குள்ளே இரண்டு 'நில்' பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது. திரும்பவும் கழி. 36, 135, 513. மொத்தம் 684.

சரி, 684 போதும். எங்கள் ஊரில் ஒரு நாளைக்குப் புழங்குகிறது அவ்வளவும் வராது.

செப்டெம்பர் 30

பௌதிகம் படித்த ஒருவர் எழுதியிருக்கிறார்: தண்ணீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் போகும், காற்றில் 340தான், ஆகவே சுரியர் எங்களைவிட வேகமாகக் கதை பரப்புவார்கள் என்பது சரி. ஆனால் சேற்றில் வாயுக் குமிழ்கள் சிக்கியிருந்தால் ஒலி தூரம் போகாமல் தேய்ந்துவிடும். குளத்துச் சுரியை மிதித்தால் குமிழ் வருமே, கவனித்ததில்லையா?

கவனித்திருக்கிறேன். மணமும் தெரியும். இரண்டு நாள் மண்டையைச் சொறிந்துவிட்டு இதை நட்டமாக எடுக்காமல் வரவாக எடுத்துக்கொண்டேன். மாரியில் குளம் நிறைந்திருக்கும்போது சுரியரின் பேச்சு குளத்தின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்குப் போகும், ஆறுதலாக நீட்டிக் கதைப்பார்கள். கோடையில் தண்ணீர் வற்றிக் குமிழ் மிஞ்சும்போது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும், சொற்கள் குறுகும், மரியாதைச் சொற்கள் முதலில் உதிரும். ஆக ஒரே இனத்துக்குக் காலபோக மொழி ஒன்று, சிறுபோக மொழி ஒன்று.

காதுக்கு எட்டாமல் உடம்புக்கு எட்டுகிற பேச்சு கற்பனை மட்டும் இல்லை. யானைகள் 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியில் ஒன்றோடொன்று கதைக்கின்றன என்பதை 1984 இல் கேற்றி பெய்ன் என்ற அமெரிக்கப் பெண் கவனித்தார். மிருகக்காட்சிச்சாலையில் யானைகளுக்குப் பக்கத்தில் நிற்கும்போது காற்றில் ஒரு துடிப்பை உடம்பால் உணர்ந்ததில் துவங்கியது அது. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், வயல் காவலுக்கு அப்பாவோடு கொட்டிலில் படுத்திருந்தேன். தவளைச் சத்தம் திடீரென்று நின்றது. அப்பா என் நெஞ்சில் கையை வைத்து அமத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் முதுகுக்குக் கீழே பலகை என்னவோ செய்தது. "பெரியவர் நிக்கிறார்" என்றார் அப்பா. காட்டோரத்தில் இரவில் அவர் யானையை யானை என்று சொல்லமாட்டார்.

ஒக்டோபர் 3

வேற்றுக்கிரகவாசிகளுக்கு மனிதர் அனுப்பிய செய்தியில் தமிழ் உண்டா என்று ஒருவர் கேட்டார். 1977 இல் வொயேஜர் விண்கலங்களில் வைத்த, தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் 55 மொழிகளில் வணக்கம் இருக்கிறது. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களத்தில் ஆயுபோவன் இருக்கிறது. தமிழ் இல்லை. பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்கு ஊர் முழுக்கப் போய், எங்களுக்கு மட்டும் கார்ட் வராதது மாதிரி. வேற்றுக்கிரகவாசி எப்போதாவது வந்து இறங்கினால் எங்களோடு வெறுங்கையோடு துவங்கவேண்டியதுதான்.

ஒக்டோபர் 11

கண் இல்லாதவர்கள் இடத்தை எப்படிச் சொல்வார்கள்? இடப்பக்கம், வலப்பக்கம் என்று வைக்க மனமில்லை, ஆறு காலும் சுற்றிவர இருந்தால் எது இடம், எது வலம்? நீர்வரத்துப் பக்கம், வான் (குளம் நிரம்பினால் மிஞ்சின தண்ணீர் வழிகிற இடம்) பக்கம், ஆழப் பக்கம், அணைக்கட்டுப் பக்கம் என்று குளத்தையே திசையாக்கினேன். "உன் வான்பக்கத்துக் காலை எடு" என்பார்கள்; திரும்பி நின்றால் அதே கால் நீர்வரத்துப்பக்கத்துக் காலாகிவிடும். இது அசல் வேற்றுக்கிரகம் என்று இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பிறகு அவுஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மொழியைப் பற்றி வாசித்தேன். அவர்கள் இடம் வலம் என்று சொல்லாமல் எல்லாவற்றையும் வடக்கு, கிழக்கு என்றுதான் சொல்வார்களாம். அன்று பின்னேரம் அடுப்படியிலிருந்து அம்மா: "உந்த வடக்குப் பக்கம் கிடக்கிற பானையை எடுத்துக் கிழக்காலை வை." நாற்பது வருடமாகக் கேட்கிற வாக்கியம், அன்றுதான் காதில் விழுந்தது.

அதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. உந்த. இந்த, அந்த என்ற இரண்டுக்கும் நடுவில் உந்த, உது, உவன். உங்களுக்குக் கிட்ட இருப்பதைச் சொல்வது. சுரிக்குள் நின்ற அப்பு "உதிலை கிடக்கு" என்றது, விரால் எங்களுக்குப் பக்கத்தில், தனக்குத் தள்ளி என்பதால்தான். பழைய தமிழ் இலக்கணம் சொன்ன மூன்று சுட்டில் தமிழ்நாட்டுப் பேச்சில் இப்போது இரண்டுதான் மிச்சம், எங்களிடம் மூன்றும் கிடக்கிறது. சென்னையிலிருந்து ஒரு வாசகர், "உது என்பது எழுத்துப் பிழையா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை ஐயா, உது சரி.

ஒக்டோபர் 13

இதே வேகத்தில் இன்னொருவர்: அவதார் படத்துக்காக போல் ஃப்ரோமர் செய்த நாவி மொழியில் கேட்பவரைச் சேர்த்த 'நாங்கள்' வேறு, சேர்க்காத 'நாங்கள்' வேறு, தமிழில் உள்ள நாம், நாங்கள் மாதிரியே, பெருமைப்படுங்கோ என்கிறார். பெருமைப்படலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து 'நாம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை, இரண்டுக்கும் 'நாங்கள்'தான். 'நாம்' புத்தகத்திலும் மேடையிலும் மட்டும். ஒரு கையால் உதுவைக் காப்பாற்றி மறுகையால் நாமைக் கைவிட்டிருக்கிறோம்.

ஒக்டோபர் 26

வினையின் முடிவு. சுரியர் எதைச் சொன்னாலும் அது தமக்கு எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும், விட்டால் வாக்கியம் முடியாது. என் காலுக்கு நேரே வந்தது, இன்னொருவர் கடத்தியது, வரவில்லை நானே நினைத்தது என்று மூன்று முடிவு. இதுவும் புதிதில்லை: அமேசன் பக்கத்துத் துயூகா மொழியில் இப்படி ஐந்து வகை உண்டு. எங்களிடம் உள்ளது ஒரேயொரு 'ஆம்'. வந்தவையாம், போனவையாம்.

அந்த 'ஆம்' பற்றி எழுதவேண்டும் என்று நாலு தரம் துவங்கி அழித்திருக்கிறேன். எங்கள் வளவுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா இருக்கிறா. 2009 இல், போரின் கடைசியில் மகனைத் தவறவிட்டவ. நாங்கள் திரும்பி வந்து குடியேறின முதல் வருடம், "செட்டிகுளம் முகாமிலை ஆரோ கண்டவையாம் தம்பி" என்று எனக்குச் சொன்னா. அடுத்த வருடமும் அதே வாக்கியம், அதே 'ஆம்'. பிறகு ஒரு வருடம், வேலி கட்டிக்கொண்டு நின்றபோது, "செட்டிகுளத்திலை கண்டவை" என்றா. அவ்வளவுதான். அந்த 'ஆம்' இல்லாமல் போயிருந்தது. நான் கதியால் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை.

சுரியரில் இதைச் செய்ய முடியாது என்று விதி எழுதியிருந்தேன், கடத்தியது ஒருபோதும் நேரே வந்ததாக மாறாது என்று. அந்த விதியை வெட்டிவிட்டேன். மாறலாம்.

நவம்பர் 2

பொய். முதலில் சுரியர் பொய் சொல்லமுடியாதவர்கள் என்று வைத்திருந்தேன். ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரமும் சேர்ந்து போவதால் சொன்னது யார், பயத்தில் சொன்னாரா என்பதெல்லாம் தெரிந்துவிடும். வகுப்பில் சொன்னேன். ஒரு நிமிடம் அமைதி, பிறகு பின்வாங்கிலிருந்து, "அப்ப அவையள் பகிடி விடமாட்டினமோ சேர்?"

யோசித்துப் பார்த்தால் பகிடி மட்டும் இல்லை, கதை இல்லை, நாடகம் இல்லை, "இப்படி நடந்தால் என்ன செய்வாய்" என்று கேட்கவும் ஏலாது. மேடைக்கு வந்த சுரியர் தன்னை வைத்து நாங்கள் நாடகம் போடுகிறோம் என்பதையே விளங்கிக்கொள்ள மாட்டார். ஆகவே திருத்தம்: தனியே பொய் சொல்ல முடியாது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் மிதித்தால் பாரம் குழம்பிவிடும், அப்போது சொல்லலாம். பொய்க்கும் பகிடிக்கும் கதைக்கும் ஆள் துணை வேண்டும். அம்மாவிடம் இதை விளக்கினேன். "இஞ்சை மட்டும் என்னவாம்?" என்றா.

நவம்பர் 15

மூன்று நாளாக விடாத மழை, கரண்ட் இல்லை, ஆகவே சின்னக் குறிப்பு. எண்கள் ஆறை அடியாகக் கொண்டவை, கால் ஆறு என்பதால். ஒன்று என்ற எண்ணுக்கு மட்டும் சொல் வைக்கவில்லை, அதைச் சொல்வது கூடாது என்று ஒரு விலக்கு. அப்பா நெல் அளக்கும்போது "ஒண்டு" என்று துவங்கமாட்டார், "லாபம்" என்றுதான் துவங்குவார், பிறகுதான் ரெண்டு, மூண்டு. சிங்களக் கமக்காரருக்குக் களத்தில் மட்டும் புழங்குகிற தனி மொழியே உண்டு, கமத் பஸ என்பார்கள். வேற்றுக்கிரக மொழிக்கு ஆதாரம் தேடி வீட்டு முற்றத்தை விட்டு வெளியே போகவே விடுகிறார்கள் இல்லை.

டிசெம்பர் 7

நாடகம் போன வெள்ளி முடிந்தது. சுரியராக நடித்த ஆறு பிள்ளைகளும் வெறுங்காலோடு பலகை மேடையில் மிதித்துக் கதைத்தார்கள், ஒருவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். சனம் சிரிக்கவில்லை, பாதி விளங்காமல், மிச்சப் பாதி தங்கள் காலடியில் ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டு. கடைசிக் காட்சியில் குளம் நிரம்புகிறது, எல்லோரும் சேர்ந்து ஒரே சொல்லை மிதிக்கிறார்கள்: தட்டு, தட்டு, நில், இழு, அழுத்து. அகராதியில் அதன் பொருள் 'வான் பாயுது'.

இன்று காலை பத்தாம் வகுப்புக்குப் போனேன். வாசலுக்கு நாலு அடி இருக்கையில் உள்ளே வாங்குகளுக்குக் கீழிருந்து சத்தம்: தட்டு, தட்டு, இழு. உடனே வகுப்பு அடங்கிவிட்டது. நான் வருகிறேன் என்று அர்த்தமாம். நடுவிலிருந்த 'நில்'லையும் கடைசி 'அழுத்து'வையும் தின்றுவிட்டார்கள், "அது நீளம் சேர், நீங்கள் அதுக்குள்ள வந்திடுவியள்" என்கிறது கணக்குப் பிழை பிடித்த அதே பிள்ளை.

தட்டு தட்டு இழு என்பது அகராதியில் ஏற்கெனவே வேறு சொல். பொருள்: விரால். அதற்குப் பக்கத்தில் இரண்டாம் பொருளாகக் 'கணக்குச் சேர்' என்று எழுதியிருக்கிறேன்.